பேச்சியம்மாவின் அட்டை

1. வந்து இறங்கிய அன்று

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த அன்று, நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒருத்தியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பாலக்காட்டு ஜில்லா வடகரப்பதிக்காரி. கடலைக்காட்டையும் வெயிலையும் பார்த்து வளர்ந்தவள். பூப்பாறையில் பஸ் நின்றதிலிருந்து மழை விடவில்லை. என் கால்விரல் இடுக்கில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதைக்கூட நான் பார்க்கவில்லை.

சாக்கில் கிடந்தவளுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ரவிக்கை ஈரமாக இருந்ததை மழை என்று நினைத்தேன். நெற்றியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வேர்வை ஊறிக்கொண்டே இருந்தது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற குளிரில் அவளுக்கு வேர்வை. நாடியைத் தொட்டால், அது என் விரலைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

தூக்கி வந்த பெண்களுக்கு ஒரு பதற்றமும் இல்லை. "பிட்ஸு கேஸு சிஸ்டரம்மா. பேரு பேச்சியம்மா. செத்த நேரத்துல எந்திரிச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி உதறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சொன்னபடியே பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். டாக்டர் வந்து பார்த்தபோது வேர்வை நின்றிருந்தது. பிரஷர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எனக்கே சந்தேகமாகிவிட்டது, நான் பார்த்தது நிஜந்தானா என்று.

டாக்டர் பெயர் ராமநாதன். பாலக்காட்டில் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர். நானும் அவரும் ஒரே ஜில்லா. ஆனால் நான் 'ஏனுங்க' என்றால் அவருக்குச் சிரிப்பு வரும், அவர் 'மனசிலாச்சா' என்றால் எனக்குச் சிரிப்பு வரும். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்திப் பேச மாட்டார். இப்படிப்பட்டவர் இந்த மலையில் என்னத்தைக் கிழிக்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"முன்னே இங்கே இருந்த டாக்டர் இவளுக்குப் பிட்ஸ்னு எழுதி மாத்திரை கொடுத்திருக்கார். ஆனா சிஸ்டர், நீங்கதான் இப்போ பார்த்தேள். கை கால் வெட்டித்தா? நாக்கைக் கடிச்சுண்டாளா?"

"இல்லைங்க டாக்டர். வேர்த்துக் கொட்டுச்சுங்க. தலைய உடமாட்டேனுட்டா."

"பிட்ஸ்ல இப்படி வேர்க்காதே" என்றார். அவளை அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டு மழையில் நடந்து போய்விட்டார்.

2. நிரம்பிய கூஜா

பேச்சியை வார்டில் வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. அவளுக்கு உடனே லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்ப வேண்டும். படுத்தே கிடந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள், வேலை போனால் லயத்து வீட்டில் பாதி உரிமை போன மாதிரி என்பது அவள் பயம். அவள் புருஷன் மாயாண்டி, ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறவன். சாயங்காலம் வந்து வாசலிலேயே நிற்பான். ஏலக்காய்ப் புகையும் வாசனையும் அவனுக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். "இம்புட்டு நாளா மாத்திரை தின்னும் கேக்கல. போடிப் பக்கம் குறி சொல்ற ஒரு கோடாங்கி இருக்காக. அங்கன கூட்டிப் போயிரலாம்னு பார்க்கேன்" என்று என்னிடம் சொன்னான்.

நான் கோபக்காரி. அப்போது இன்னும் அதிகம். பேச்சியின் கட்டிலருகே ஒரு கூஜாவில் வெந்நீர் வைப்பேன். போய்ப் பார்த்தால் வைத்தபடியே இருக்கும். கஞ்சி கொடுத்தால் கட்டியைத் தின்றுவிட்டுத் தண்ணீரை வைத்துவிடுவாள். உதடு வெடித்திருந்தது. "மலைத் தண்ணி உனக்கு ஆகாதா? நான் காச்சி ஆத்திக் கொண்டாந்து வெக்கிறன், நீ சிலையாட்டம் பார்த்துட்டு உக்கோந்திருக்கற!" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தாள். நான் திரையை இழுத்துவிட்டு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். நர்ஸ் கட்டிலில் உட்காரக்கூடாது என்று ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் பேச்சியைப் பார்த்ததில்லை.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல சிஸ்டரம்மா" என்றாள்.

"வந்தா போ. அதுக்கென்ன?"

"போனா அது கடிக்கும்."

"எது?"

அவள் என் காதருகே வந்து சொன்னாள். "அட்டை. உள்ள ஏறியிருக்கு."

இந்த இடத்தில் ஏலக்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையோடு தரையாகக் காய்க்கும். பெண்கள் நாள் முழுக்கக் குத்தவைத்தபடியே நகர்ந்து நகர்ந்து காய் எடுப்பார்கள். கீழே சருகு முழுக்க அட்டை. மழைக்காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஒதுங்குவதற்கு யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அதனால் அங்கே எல்லாப் பெண்களும் காலையில் தண்ணீரே குடிக்காமல் வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வார்கள். பேச்சி தண்ணீர் குடிக்காததை யாரும் வினோதமாக நினைக்காததற்கு அதுதான் காரணம். குடிக்காதவர்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

ஒரு மழைக்காலத்தில் அடக்க முடியாமல் ஒதுங்கினாளாம். எழுந்தபோது தொடையில் அட்டை. பிடுங்கிப் போட்டாள். கொஞ்ச நாளில் சிறுநீரில் ரத்தம் தெரிந்தது. ஒன்றை வெளியே பிடுங்கினோம், இன்னொன்று உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அதிலிருந்து சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அது உள்ளே கடிக்கிறது, தலை வெடிக்கிற மாதிரி வலி, நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்க்கும், சில தடவை விழுந்துவிடுவாள். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? உப்புத் தண்ணீர். அதற்குச் சாகாவிட்டால் புகையிலைத் தண்ணீர். காலில் ஏறிய அட்டை எதற்கெல்லாம் விழுமோ அதையெல்லாம் இவள் வாய்வழியாகக் குடித்திருக்கிறாள்.

"இதைப் பெரிய டாக்டருட்டச் சொல்றதுக்கென்ன?"

"ஆம்பளை ஆளுகிட்ட இதப் போயி எப்பிடிச் சொல்ல? என் வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிஞ்சா என்னைத் தொடுவாரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

3. டாக்டர் சிரிக்கவில்லை

மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டரின் அறைக்குப் போனேன்.

"டாக்டர், சொல்றதுக்கே கூச்சமா இருக்குதுங்க. பேச்சி என்ன சொல்றாள்னா... உள்ளுக்குள்ள அட்டை இருக்குதாமுங்க. ஒண்ணுக்குப் போறப்பல்லாம் கடிக்குதாமுங்க. அப்பத்தான் அந்த மயக்கம் வருதாமுங்க."

'நாட்டுப்புறத்து ஜனங்கள்' என்று அவர் சிரிப்பார், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுக்குப் போறப்போ மட்டுமா? மத்த நேரத்துல வராதா?"

"குத்தவெச்சுக் காய் எடுக்கறப்ப லேசா வருமாமுங்க. அடக்கி அடக்கி வகுறு நெறைஞ்சா வருமாமுங்க. பெருசா வர்றது ஒண்ணுக்குப் போறப்பத்தானுங்க."

"ரத்தம்?"

"எப்பவாச்சும் ஒருக்காலுங்க."

அவர் எழுந்து ஜன்னலிடம் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கலவரம் இருந்தது.

"சிஸ்டர், அவள் சொன்னதுல அட்டை ஒண்ணுதான் தப்பு. மத்ததெல்லாம் சரியாக்கும். மூத்திரப்பைக்குள்ளே என்னமோ ஒண்ணு இருக்கு. பை நிறையறப்போவும் சுருங்கறப்போவும் அதை அழுத்தறது. அழுத்தினா அது கடிக்கறது. எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கா பாருங்கோ."

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். பயந்தால் நம் உடம்பில் ஒரு திரவம் ஊறி ரத்தத்தில் கலக்கும். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், முகம் வெளுக்கும், பிரஷர் ஏறும். அதை ஊறவைக்கிற சதை சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிறது. அதே மாதிரிச் சதை அபூர்வமாக வேறு இடத்தில் கட்டியாக வளரும். அதைவிட அபூர்வமாக மூத்திரப்பைச் சுவரிலேயே வளரும். அப்படி வளர்ந்தவர்களுக்குச் சிறுநீர் கழிப்பதும் புலியை நேரில் பார்ப்பதும் ஒன்று.

"நீங்க இதைப் பார்த்திருக்கீங்களா டாக்டர்?"

"இல்லை. படிச்சிருக்கேன். பரீட்சைக்குக்கூட வராதுன்னு வாத்தியார் விட்டுட்டுப் போன பாகமாக்கும்."

"இதை இப்படியே உட்டா?"

"ஒரு நாள் பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும். அந்தக் காட்டுக்குள்ளேயே கிடப்பா. அட்டை கடிச்சுச் செத்தாள்னு எல்லாரும் சொல்வா."

4. பாதரசம்

நினைத்தது சரியா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. அவள் தண்ணீர் குடித்து, நம் முன்னால் சிறுநீர் கழித்து, அப்போது பிரஷரைப் பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அன்றே செய்திருப்பார்கள். டாக்டர் செய்யவில்லை. ஏறுகிற பிரஷரை இறக்க ஓர் ஊசிமருந்து உண்டு, ஃபென்டோலமின் என்று பேர். அது கையில் இல்லாமல் அவளைத் தொட மாட்டேன் என்றார். பிரஷருக்கும் படபடப்புக்கும் எங்கள் அலமாரியில் மாத்திரை இருந்தது. அதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது, "அதை இவளுக்கு முதல்ல கொடுத்தா பிரஷர் இன்னும் ஏறும், நாமளே கொன்னதாகும்" என்றார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த மயக்கமருந்து டாக்டர் ஒருவருக்குச் சொல்லியனுப்பி, ஏலக்காய் ஏற்றிப் போன வண்டி திரும்பி வரும்போது அந்த ஊசிமருந்து ஐஸில் வைத்து வந்தது. அதுவரை பேச்சிக்குக் காவல் நானும் கூஜாவும்.

மருந்து வந்ததும் டாக்டர் அவள் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மாயாண்டியையும் உள்ளே கூப்பிட்டார். ஒளிக்காமல் சொன்னார்.

"பேச்சி, உனக்குள்ளே இருக்கறது அட்டை இல்லை. கட்டின்னு நினைக்கறேன். நிச்சயம் பண்ணணும்னா நீ நிறையத் தண்ணி குடிச்சு ஒரு தடவை போகணும். கடிக்கும். பலமாக் கடிக்கும். நான் மருந்தோட நிப்பேன். ஆனாலும் ஆபத்து உண்டு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, இப்படியே மதுரைக்கு எழுதி அனுப்பறேன்."

மாயாண்டி அவளைப் பார்த்தபடி நின்றான். அவளுக்குள்ளே அட்டை என்ற பேச்சை அவன் முதல்தடவையாகக் கேட்கிறான். அவன் வாய் திறக்குமுன் பேச்சி பேசினாள்.

"நான் தெனம் போறதுதானய்யா. தெனம் தனியாப் போறேன். இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கீக." என்னைப் பார்த்து, "சொம்பக் கொண்டாங்க சிஸ்டரம்மா" என்றாள்.

நான் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்துவிட்டேன். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் சிங்கம் போன்ற ஆண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். கடிக்கும் என்று தெரிந்தே அவள் அந்தச் சொம்பை வாங்கிக் குடித்தாளே, அந்த மாதிரி ஒரு தைரியத்தைப் பிறகு நான் பார்க்கவில்லை.

வார்டு மூலையில் பாய் விரித்துத் திரை கட்டினோம். திரைக்கு உள்ளே பேச்சியும் நானும். அவள் வலது கையில் பிரஷர் பட்டை, இடது கையில் முன்கூட்டியே குத்தி வைத்த ஊசி. திரைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு டாக்டர், கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச். அவள் மானத்தைக் காப்பாற்ற அவர் சுவரைப் பார்த்தே நின்றார்.

"முன்னே என்ன?"

"நூத்திநாப்பதுங்க."

பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பேசினில் சத்தம் கேட்டது. நான் பல்பை அமுக்கினேன். அவள் என் தோளைப் பிடித்தாள், விரல் எலும்பில் இறங்கியது. முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. பாதரசம் ஏறிக்கொண்டே போனது. இருநூறைத் தாண்டியும் நாடிச் சத்தம் நிற்கவில்லை.

"என்ன சிஸ்டர்?"

"இருநூத்தியறுவதுங்க!"

"திரும்பப் பாருங்கோ."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க! ஊசியப் போடுங்க!" என்று கத்தினேன். ஒரு டாக்டரை அப்படி அதட்டியது அதுதான் முதல்தடவை.

நான் அவளைச் சேலையால் மூடி அப்படியே பாயில் சாய்த்தேன். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து மருந்தைச் செலுத்தினார். நான் பட்டையை ஊதிக்கொண்டே எண்ணைச் சொன்னேன். இருநூற்றிப்பத்து. நூற்றியெழுபது. ஏறியது போலவே பாதரசம் மளமளவென்று இறங்கியது. பேச்சி கண்ணைத் திறந்தாள்.

"அட்டை செத்துருச்சாய்யா?"

"இல்லை. ஆனா அது எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுடுத்து" என்றார் டாக்டர்.

5. போடிமெட்டு இறக்கம்

அவளை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப்பில் போடிமெட்டு வழியாக, வளைவு வளைவாக இறங்கிப் பல மணி நேரம். அடக்கினாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து என்றால் எப்படிக் கூட்டிப் போவது? டாக்டர் யோசித்துவிட்டு, சிறுநீர்க் குழாய் போட்டு விடலாம் என்றார். சொட்டுச் சொட்டாக வெளியேறிக்கொண்டே இருந்தால் பை நிறையவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அது வேலை செய்யும் என்று எந்தப் புத்தகமும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. அவராக எண்ணிப் பார்த்துச் செய்தார். ஊசிமருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் குழாயைப் போட்டேன். நூற்றித்தொண்ணூறு வரை போய் நின்றது. போதும் என்றிருந்தது.

ஜீப்பின் பின்னால் பேச்சியைப் படுக்கவைத்தோம், சிறுநீர் சொட்டுகிற பாட்டிலை மாயாண்டி பிடித்துக்கொண்டான். டாக்டர் முன்சீட்டில், கொதிக்கவைத்த சிரிஞ்சை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். பேச்சி படுத்தபடியே என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"எலுமிச்சங்காய மோந்து பாருங்க சிஸ்டரம்மா. எனக்குத் தொணைக்கு வந்த ஆளப் பாரு!"

அவள் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. மாயாண்டி பக்கம் திரும்பினால், அவன் பாட்டிலில் விழுகிற சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்னைத் தொடுவாரா என்று கேட்டாளே, அவன் இன்னொரு கை அவள் பாதத்தின் மேல் இருந்தது.

6. கையை எடுக்கத் தெரிந்தவர்

மதுரை சர்ஜன் ஆஜானுபாகு. குரலும் அப்படியே. எங்கள் டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷத்துல நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லையே. நீங்க மலையிலேர்ந்து நேராப் பேரோட வந்து நிக்கிறீங்க!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த வார்த்தை, "பார்க்காதது இல்லைன்னு ஆயிடுமா? உக்காருங்க, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பதாக இருந்தது. பெரிய மனிதர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க அவள் சிறுநீரை அமிலம் ஊற்றிய பெரிய பாட்டிலில் சேர்த்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். பயத்தில் ஊறும் அந்தத் திரவம் உடைந்து வெளியேறும் கழிவு அதில் எக்கச்சக்கமாக இருந்தது. பிறகு மயக்கம் கொடுத்து மூத்திரப்பைக்குள் குழாய்க்கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். பையின் மேல்சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. மேல்தோல் மூடியே இருந்தது, ஓரிடத்தில் மட்டும் லேசாகப் புண். ரத்தம் வந்தது அங்கிருந்துதான். சாதாரணக் கட்டி என்றால் ஒரு துண்டைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்கள். "இதைக் கிள்ளினா அம்மா இந்த டேபிள்லயே போயிருவாங்க" என்று சொல்லி சர்ஜன் அந்தக் குழாய்க்கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டார்.

உடனே ஆப்பரேஷனும் செய்யவில்லை. மாத்திரை கொடுத்து, பிரஷர் படிந்து, உடம்பில் நீர் ஏறும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் மலைக்குத் திரும்பிவிட்டு, ஆப்பரேஷனன்று வந்தார். பேச்சி கேட்டுக்கொண்டதால் நான் கூடவே இருந்தேன். என்னையும் தியேட்டர் ஓரத்தில் நிற்க விட்டார்கள்.

வேகமான சர்ஜன்களை நிறையப் பேருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, அன்று வரைக்கும். இவர் விரல் கட்டியில் பட்டதும் மயக்கமருந்து டாக்டர் "ஏறுது" என்பார். இவர் உடனே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "எடுத்துட்டேன். இறங்கட்டும். அவசரமில்லை" என்பார். நின்றுகொண்டே இருப்பார். இறங்கியதும் மறுபடி. கட்டிக்கு வரும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, சுற்றியிருந்த சுவரோடு சேர்த்து அதை எடுத்தார். எடுத்த அடுத்த நொடியில் பிரஷர் பாதாளத்துக்கு விழுந்தது. விழும் என்று தெரிந்தே முன்கூட்டி ரத்தமும் சலைனும் தொங்கவிட்டிருந்தார்கள். அது ஓட ஓட, எண்கள் மெல்ல மேலே வந்தன. அதற்குள் என் ஜாக்கெட் பேச்சியின் ரவிக்கை போல நனைந்துவிட்டது.

கட்டியில் ஒரு சீவலை வெட்டி மஞ்சளான ஒரு கரைசலில் போட்டார் சர்ஜன். எல்லோரும் சுற்றி நின்றோம். மெல்ல மெல்ல அது பழுப்பாக மாறியது. அந்தச் சதைதான் என்பதற்கு அதுவே அடையாளமாம். சர்ஜன் முகமூடியை இறக்கிவிட்டு எங்கள் டாக்டரின் தோளில் கை வைத்தார். "ராமநாதன், படத்துல போடற மாதிரிக் கேஸ். நான் கத்தியைத்தான் பிடிச்சேன். கண்டுபிடிச்சது நீங்க."

"நானில்லை சார். அவளே சொன்னா. சிஸ்டர் கேட்டா" என்றார் எங்கள் டாக்டர்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வந்தால் என்ன?

மயக்கம் தெளிந்து இரண்டொரு நாளில் பேச்சி கேட்ட முதல் காரியம், "அதைக் காட்டுங்க" என்பதுதான். ஜாடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு வாயக் காணமே" என்றாள். சர்ஜன் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

7. அம்புட்டுத்தான்

தையல் ஆறும்வரை குழாய் இருந்தது. எடுத்த நாளன்று பேச்சி என்றுமில்லாமல் பயந்தாள். ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில், கடிக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தபோது துணிந்து குடித்தவள், இப்போது கடிக்காமல் இருக்கலாம் என்றதும் நடுங்கினாள். "மறுபடி வந்துச்சுன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுபடி வந்தால் இத்தனையும் வீண். என்னாலும் தைரியம் சொல்ல முடியவில்லை.

எங்கள் டாக்டர் அன்று மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். குடையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. அதே மாதிரித் திரை. உள்ளே பேச்சியும் நானும். வெளியே அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. கையில் சிரிஞ்ச்.

"முன்னே என்ன சிஸ்டர்?"

"நூத்திமுப்பதுங்க."

பேச்சி என் தோளைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டது. நான் பல்பை அமுக்கினேன். பாதரசம் நின்ற இடத்திலேயே நின்றது. நம்பாமல் மறுபடி அமுக்கினேன்.

"என்ன சிஸ்டர்? பேசாமல் நிக்கறேளே!"

"ஏறலைங்க டாக்டர்" என்றேன். "நூத்திமுப்பதேதானுங்க." திரும்பப் பார்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

பேச்சி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான் கண்ணு."

"எல்லாருக்கும் இப்பிடித்தானா சிஸ்டரம்மா? இம்புட்டு லேசாவா?"

தலையை ஆட்டினேன்.

வேலைக்கு வரும் இளம் நர்ஸ்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான். மயக்கம் வந்தது என்று ஒருத்தி சொன்னால், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேளுங்கள். பதில் வராமல் அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தால், திரையை இழுத்துவிட்டு உட்காருங்கள். அவள் சொல்கிற காரணம் உங்களுக்குச் சிரிப்பு மூட்டலாம். சிரிக்காமல் கொண்டுபோய் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். டாக்டரும் சிரிக்காதவராக அமைந்தால் ஓர் உயிர் தப்பும். எனக்கு அப்படி ஒருவர் அமைந்தார்.

பேச்சி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். திரையை அவளே விலக்கினாள். வாசலில் மாயாண்டி நின்றுகொண்டிருந்தான். டாக்டரையும் தாண்டி அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏய்யா, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா. நெறையக் கொண்டா."